ஈரக் கைக்கு ஒரு பொத்தான்

பாய்மரப் படகில் சுக்கானுக்கு அருகே பொருத்தும், கடல் வரைபடம் காட்டும் திரைக்கருவியான சார்ட்பிளாட்டர் என்றால் எனக்குப் பொத்தான் வைத்ததுதான் பிடிக்கும். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்; அலை தெறித்தால் யாரும் தொடாமலே படம் நகர்ந்துவிடும். ரப்பர் பொத்தானுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. நனைந்த கையுறையோடும் அழுத்தலாம், அழுத்தியது விரலுக்கும் தெரியும்.

டேப்லெட்டில் படம் அழகுதான். ஆனால் ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பே 35 டிகிரி. நீர்புகா உறைக்குள் போட்டு வெயிலில் வைத்தால் சூடேறி அணைந்துவிடும். கருவியின் நீர்புகாத் தரம் ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. சார்ஜ் துளையை உப்பு மெல்ல அரிப்பது வேறு கதை.

நீர் புகாதது மட்டும் போதாது; வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவும் வேண்டும். 2014 நவம்பரில் வால்வோ ஓஷன் ரேஸ் என்ற பாய்மரப் படகுப் போட்டியில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் மோதியது. மின்வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டின் ஆபத்து கண்ணில் படவில்லை. படகில் இருந்த 9 பேரும் பிழைத்தார்கள். புறப்படுமுன் பாதை முழுவதையும் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்க்கும் மாலுமியிடம் எனக்குத் தனி மரியாதை.