ஸ்டேட்டஸ் சொல்லும் சேதி
‘டாக்கர் பிஎஸ்’ கட்டளையின் அழகெல்லாம் அதன் ஸ்டேட்டஸ் பகுதியில்தான். வெறுமனே அடித்தால் ஓடும் கன்டெய்னர்கள் மட்டும் வரும். ‘-ஏ’ சேர்த்தால் நின்றுபோனவையும் தெரியும். அங்கே எக்ஸிட் எண் 0 என்றால் வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது. 137 என்றால் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டிருக்கிறது: 128-உடன் 9-ஆம் சிக்னலைக் கூட்டிய எண் அது. பல நேரம் மெமரி போதாமல் லினக்ஸ் கர்னலே நிறுத்தியிருக்கும். எவ்வளவு சுருக்கமான மரண அறிக்கை!

வண்ண டாஷ்போர்டுகள் இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். டாஷ்போர்டே விழுந்த நேரத்தில் கைகொடுப்பது இதுதான். ‘அப்’ என்று காட்டினாலும் உள்ளே செயலி உறைந்திருக்கலாமே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது, நியாயமானதும்கூட. ஆனால் ஹெல்த்செக் எழுதிவைத்தால் அதே இடத்தில் ‘அன்ஹெல்தி’ என்று வந்துவிடும். டாக்கர்ஃபைலில் அந்த வரியை இன்றே சேர்த்துவிடுங்கள்.