திருத்தப்படாத பக்கங்கள்

பெரியோர் வரலாறுகளைப் படிப்போரிடம் ஒரு பழக்கம் உண்டு. வரலாற்று நாயகர் இறுதியில் எய்திய சிறப்பை மனத்தில் இருத்திக்கொண்டு, அதற்கு ஒவ்வாத முற்பகுதிகளை விரைந்து கடந்துவிடுவர். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் தன்வரலாறும் நம்மிடையே பெரும்பாலும் இவ்வாறே படிக்கப்படுகிறது. அவருடைய ஹஜ்ஜுப் பயணத்தைக் கூறும் அத்தியாயம் எடுத்தாளப்படுகிறது. வெள்ளையரோடு ஒரே தட்டில் உண்ட செய்தி வியந்து பேசப்படுகிறது. அத்துடன் நூல் மூடப்பட்டுவிடுகிறது. ஏனைய அத்தியாயங்கள் இல்லையெனில் அந்த ஓர் அத்தியாயத்திற்கு இத்துணை மதிப்பு இருக்குமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

நூல் உருவான விதத்தை முதலில் நோக்குவோம். 1963இல் மால்கம் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியவர் அலெக்ஸ் ஹேலி. அமெரிக்கக் கடலோரக் காவற்படையில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்தபின் இதழ்த்துறைக்கு வந்தவர். மால்கமின் கொள்கைகளில் உடன்பாடில்லாதவர். மால்கம் சொல்லாத எதுவும் நூலில் இடம்பெறலாகாது, அவர் சொல்ல விரும்பிய எதுவும் விடுபடலாகாது என்பது இருவருக்குமிடையே ஏற்பட்ட உடன்பாடு. அதற்கு ஈடாக, மால்கமின் பார்வைக்கு உட்படாத பின்னுரை ஒன்றை எழுதும் உரிமையை ஹேலி கேட்டுப் பெற்றுக்கொண்டார். அப்பின்னுரையே இந்நூலைத் திறக்கும் சாவி என்பது நம் கருத்து.

தொடக்க நாட்களில் மால்கம் தம் தலைவர் இலைஜா முஹம்மதின் புகழையன்றி வேறொன்றும் பேசவில்லை. ஒரு நாள் இரவு, அவருடைய தாயாரைப் பற்றி ஹேலி கேட்டார். மால்கம் அறைக்குள் நடந்தவாறே விடியும்வரை பேசினார். 1931இல் டிராம் வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டு மாண்ட தந்தை, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட தாய், வழக்கறிஞராக விரும்பிய மாணவனைத் தச்சு வேலைக்குப் போகுமாறு அறிவுரைத்த ஆசிரியர் ஆகியோரெல்லாம் நூலின் முதற்பகுதிக்குள் வந்து நிற்பது அந்த ஒரு வினாவினால்தான்.

பின்னர் நூலின் போக்கையே மாற்றும் நிகழ்ச்சிகள் நேர்ந்தன. 1964 மார்ச்சில் மால்கம் இலைஜாவின் இயக்கத்தைவிட்டு விலகினார். ஏப்ரலில் மக்கமா நகர் சென்றார். ஆனால், இலைஜாவைத் தந்தையெனப் போற்றும் அத்தியாயங்கள் முன்னரே எழுதப்பட்டுவிட்டன. பிரிவுக்குப்பின் அவற்றைப் படித்த மால்கம் சிவப்பு மையினால் திருத்தங்கள் செய்தார். பின்னால் வருவதை முன்னரே காட்டிவிட்டால் கதையின் வேகம் கெடும் என்று ஹேலி வாதிட்டார். இது யாருடைய நூல் என்று மால்கம் சினந்து கேட்டதையும், பின்னர் தாமே தொலைபேசியில் அழைத்து, எழுதியபடியே இருக்கட்டும் என இசைந்ததையும் பின்னுரை பதிவு செய்துள்ளது.

ஹேலியின் வாதம் ஒரு தொழில்முறை எழுத்தாளரின் வாதமே. ஆயினும் அதனால் விளைந்த பயன் பெரிது. வெள்ளையர் அனைவரும் சாத்தான்கள் என்னும் போதனையை முழு நம்பிக்கையோடு உரைக்கும் மால்கமை நாம் அந்தப் பக்கங்களில் சந்திக்கிறோம். அப்போதனை இஸ்லாத்தின் அடிப்படைக்கே முரணானது என்பதால் நம் வாசகர்க்கு அவை கசக்கும். அந்தக் கசப்பை உணர்ந்தவர்க்கே ஜித்தா விமான நிலையக் காட்சியின் பொருள் புலப்படும். பல்லாண்டுகள் இஸ்லாத்தின் பெயரால் போதித்தவர், தமக்குத் தொழுகை முறையே தெரியாதென்பதை அங்கே உணர்கிறார். பழகாத கால்கள் வலிக்க, சிறுவனைப்போல் கற்றுக்கொள்கிறார். தம் அறியாமையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தலைவர்கள் மிகச் சிலரே.

மற்றுமொரு சான்று காண்போம். அவருடைய சொற்பொழிவைக் கேட்ட வெள்ளையினக் கல்லூரி மாணவி ஒருத்தி, அவரைத் தேடி நியூயார்க் வரை வந்து, தன்னால் என்ன செய்யவியலும் எனக் கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று விடையிறுக்கிறார். அவள் அழுதவாறு வெளியேறுகிறாள். இந்நிகழ்ச்சி நூலில் இருமுறை வருகிறது. முதன்முறை இரக்கமின்றிக் கூறியவர், இறுதி அத்தியாயத்தில், அவள் பெயரோ முகவரியோ தெரிந்திருந்தால் மாற்றிச் சொல்வேனே என வருந்துகிறார். முன்னதை நீக்கியிருந்தால் பின்னது வெறும் அறிவுரையாகச் சுருங்கியிருக்கும்.

குறைகளையும் கூறுதல் வேண்டும். இளமையில் தாம் செய்த குற்றங்களை மால்கம் மிகைப்படுத்தியுள்ளார் என்று மானிங் மராபிள் 2011இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். இருளைக் கூட்டி ஒளியைப் பெருக்குவது திருந்தியோர் கதைகளில் வழக்கமாக நேரும் பிழை. இந்நூலும் அதற்கு விலக்கன்று. பெண்களைப் பற்றிக் கூறிய கடுமொழிகளை அவர் இறுதிவரை மறுபரிசீலனை செய்யக் காணோம். நூலில் சேராத பகுதிகள் சில, 2018இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் ஆய்வு மையத்தை அடைந்தன. ஆகவே இந்நூலை மால்கமின் முழுமையான வாக்குமூலம் எனக் கொள்ளுதல் இயலாது. இருவர் கை பட்ட நூல் என்ற நினைவோடுதான் இதை அணுகவேண்டும்.

1965 பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க்கில் மேடையேறிய மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. முன்பணம் கொடுத்திருந்த பதிப்பகம் நூலைக் கைவிட்டது. குரோவ் பதிப்பகம் அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்டது. அச்சான நூலை அவர் காணவில்லை. இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் மேலும் எவற்றையெல்லாம் மாற்றியிருப்பாரோ, நாம் அறியோம். ஆனால், தாம் வெறுத்தொதுக்கிய பழைய நம்பிக்கைகளைத் தம் பெயரிலேயே அச்சேற விட்டுச் சென்றார்.

வரலாறு எழுதும் நம்மவர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. நம் பெரியார்களின் வாழ்க்கையை எழுதும்போது எத்தனை பக்கங்களை நாம் மரியாதை கருதி விட்டுவிடுகிறோம்! வழிதவறாத மனிதனின் கதை போற்றுதற்குரியதாக இருக்கலாம். வழிதவறியவன் திரும்பி வந்த கதைதான் தடுமாறி நிற்பவனுக்குத் துணையாகும். மால்கமின் நூலைக் கையிலெடுக்கும் இளைஞர்கள் மக்கா அத்தியாயத்திற்குத் தாவிவிடாமல், முதற்பக்கத்திலிருந்தே படித்து வருவார்களாக.