தொப்பிப் பெட்டிக் கடிதங்கள்

ஜென்னி ஹானின் ‘டு ஆல் தி பாய்ஸ் ஐ’வ் லவ்ட் பிஃபோர்’ (2014) நாவலில் காதலுக்கு முன்பே மூக்கில் ஏறுவது பிஸ்கட் வேகும் வெண்ணெய் வாசம்தான். 16 வயது லாரா ஜீனுக்கு மாவு பிசைவதில் அவ்வளவு பிரியம். அம்மா இல்லாத வீடு. அக்கா படிக்க ஸ்காட்லாந்து போய்விட்டாள். கடைக்குட்டி கிட்டியோ வாய்த்துடுக்கின் மொத்த உருவம். எனக்கு அவள்தான் உயிர்!

மனசுக்குள் விரும்பிய ஐந்து பையன்களுக்கு எழுதி, அனுப்பாமல் தொப்பிப் பெட்டியில் பொத்திவைத்த கடிதங்கள் ஒருநாள் தபாலேறிவிடுகின்றன. மானத்தைக் காத்துக்கொள்ள, அவர்களில் ஒருவனான பீட்டரோடு காதலர்போல நடிக்கிறாள். தினம் ஒரு துண்டுச்சீட்டு அவன் எழுதித் தரவேண்டும் என்று ஒப்பந்தம் வேறு. கடமைக்கு மடித்துத் தந்த அந்தச் சீட்டுகளில் எதிலிருந்து கனம் கூடுகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஹானின் பொறுமை அங்கே தெரிகிறது. எங்கும் குரலை உயர்த்துவதில்லை. கதையில் வரும் பனிச்சறுக்குப் பயணம் மட்டும் எனக்குச் சற்றே சினிமாத்தனம். முடிவு பாதியில் நிற்கும். இரண்டாம் பாகத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள்.