நடையும் நடப்பவனும்

தமிழில் 'நடை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள். ஒன்று காலால் ஆவது, மற்றது எழுத்தில் தெரிவது. முன்னதில் நமக்குக் குறைவில்லை. ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் தையில் பழனிக்கும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். பின்னதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கின்றன. இரண்டும் சந்தித்த இடம் எது? ஒரு தனி மனிதன் ஒரு ஸ்தலத்தை நோக்கி நெடுந்தூரம் நடந்து, அந்த நடையைத் தன் வசனத்தில் கொண்டுவந்த புத்தகம் எது? என் வாசிப்பில் அப்படி ஒன்று அகப்படவில்லை. ஸ்தல மகிமை அகப்படுகிறது, பக்திப் பாடல் அகப்படுகிறது, பஸ் ரூட்டோடு கூடிய யாத்திரைக் கையேடு அகப்படுகிறது. நடந்தவன் அகப்படவில்லை.

இல்லாததைச் சுட்டிக்காட்டுவது சுலபம். ஏன் இல்லை என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை. அதற்கு முன் வேறிடத்தில் இருக்கிற ஒன்றைப் பார்க்கலாம். ஹிலேர் பெல்லக் 1901இல் பிரான்ஸின் தூல் நகரத்திலிருந்து புறப்பட்டு, ஆல்ப்ஸைக் கடந்து, தனியாக ரோமுக்கு நடந்தார். 1902இல் வெளிவந்த 'ரோமுக்குப் பாதை' அந்த நடையின் புத்தகம். சக்கரம் உள்ள எதிலும் ஏறுவதில்லை, காலைதோறும் பூசை காண்பது, பேதுரு - பவுல் திருநாளன்று ரோமில் இருப்பது என்று பல நேர்ச்சைகளோடு கிளம்பியவர். கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் வழியில் முறித்தார். காசு தீர்ந்து மிலானுக்கு ரயிலேறியதும் புத்தகத்தில் இருக்கிறது. பெல்லக்கின் கத்தோலிக்க வீறாப்பு எனக்கு ஒத்துவராத விஷயம். ஆனால் நேர்ச்சை முறிந்த இடங்களில்தான் அவருடைய வசனம் உயிர் பெறுகிறது. நம்மிடம் அச்சில் வருகிற நேர்ச்சைகள் எல்லாம் நிறைவேறியவை. நன்றி சொல்லி எழுதுபவை. நாகப்பட்டினத்தில் கால் வீங்கி பஸ் ஏறியவனின் நேர்ச்சையை எழுத ஆளில்லை.

ஸ்பெயினின் சந்தியாகோ பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கவுன்சில் 1987இல் தன் முதல் கலாசாரப் பாதையாக அறிவித்தது அதைத்தான். அங்கே நடப்பவன் கையில் பாஸ்புத்தகம் மாதிரி ஒன்று இருக்கிறது. தங்குமிடந்தோறும் அதில் முத்திரை. கடைசி நூறு கிலோமீட்டராவது நடந்ததற்கு முத்திரைகள் சாட்சி சொன்னால் சான்றிதழ். முத்திரை குத்துவதே பிழைப்பாக உள்ள எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அங்கே தனியாக நடக்க முடிகிறதென்றால், தனியாக நடப்பவனை யாரும் சந்தேகிக்காதபடி ஒரு சமூகம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. தனிமை என்பது வெறும் மனநிலை அல்ல. அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

தனித்து நடக்கும் கிறிஸ்தவன் தமிழுக்கு வராமல் இல்லை. 1894இல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' வழியாக வந்தான். மூலம் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' (1678). பன்யன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி, அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபர்டு சிறையில் கிடந்தவர். அவருடைய கிறிஸ்தியான் காதைப் பொத்திக்கொண்டு, மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிட வீட்டை விட்டு ஓடுகிறான். வழித்துணை கிடைப்பது பிறகு. மரண நிழலின் பள்ளத்தாக்கைத் தனியாகத்தான் கடக்கிறான். உருவகக் கதை என்றாலும் அவன் விழுகிற சேறு சேறுதான். மூட்டை முதுகில் உறுத்துகிறது. தெருவில் நடந்து தொழில் செய்தவனின் வசனம் அது.

கிருஷ்ணபிள்ளை இந்த ஆளை எடுத்துக் கம்பனின் விருத்தத்தில் உட்கார்த்தி வைத்தார். மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். வைணவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர், கம்பனை ஊறித் திளைத்துப் படித்தவர். 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டத்துக்கு அவர் தகுதியானவர்தான். சங்கடமே அங்கேதான். காப்பியத்துக்கு நாயகன் வேண்டும். நாயகனுக்குப் பின்னால் வர்ணனைகள் பரிவாரமாக வந்துவிடுகின்றன. தனியாகப் புறப்பட்டவனைச் சுற்றி ஆயிரம் வருஷத்து மரபு குடை பிடித்துக்கொண்டு கூட நடக்கிறது. பாதம் தரையில் படவில்லை. விதிவிலக்கு, இடையிடையே வருகிற தேவாரப் பாடல்கள். அங்கே 'நான்' என்று ஒரு குரல் எழுகிறது. குற்ற உணர்வு, பயம், கெஞ்சல் எல்லாம் அந்தக் குரலில் உண்டு. இன்றைக்கும் அந்த நூலில் வாசகனைத் தொடுகிற பகுதிகள் அவைதாம் என்பது என் அபிப்பிராயம். காப்பியம் விட்ட இடைவெளியில் நடப்பவன் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் ஆறு பேர் ஓர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஐந்து பேர்தான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். அடுத்தவனும் அப்படியே. ஒருவன் ஆற்றோடு போனான் என்று ஒப்பாரி. கடைசியில் ஒரு வழிப்போக்கன் வந்து ஆளுக்கு ஓர் அடி முதுகில் போட்டு, அடி வாங்கியவன் தன்னை எண்ணிக்கொள்ளும்படி செய்கிறான். கணக்கு சரியாகிறது. இதைக் குழந்தைகளுக்கான வேடிக்கையாகவே படித்து வந்திருக்கிறோம். நம் யாத்திரை எழுத்துக்கு இதைவிடக் கச்சிதமான விமர்சனம் எனக்குத் தெரியாது. கோயிலை எண்ணுகிறோம், புதுமைகளை எண்ணுகிறோம், கூட வந்தவர்களை எண்ணுகிறோம். எண்ணுகிறவனை விட்டுவிடுகிறோம். அவன் கணக்கில் வர முதுகில் ஓர் அடி விழவேண்டியிருக்கிறது.

நன்னிலத்திலிருந்து திருவாரூர், கீவளூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். மாதா கோயிலில் ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் திருவிழா. 1962இல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற கோயில். 2010இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயிலும் வந்துவிட்டது. ரயில் வந்தும் நடப்பவர்கள் நிற்கவில்லை. காவி வேட்டி, காவிச் சேலை, ஜெபமாலை, மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, அதில் ஒலிபெருக்கி, 'மரியே வாழ்க' என்ற கோஷம். குறுவை முற்றி நிற்கிற வயல்களுக்கு நடுவே அந்தக் காவி வரிசை நகர்வதைப் பார்த்திருக்கிறேன். மோர்ப் பந்தல் போடுகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் அல்ல. நடப்பவர்களிலும் அப்படித்தான். மொட்டை, நேர்த்திக்கடன், காவி என்று தஞ்சாவூர்ச் சீமையின் பொது மதம் ஒன்று அங்கே நடக்கிறது. சிலுவை அதன் ஓர் அடையாளம்.

நான் நடந்தது மாசியில். கிறிஸ்தவன் அல்ல, நேர்ச்சை இல்லை, காவி இல்லை, கூட யாரும் இல்லை. இரண்டு நாள் லீவு. சம்பா அறுத்து முடிந்து தரிசில் உளுந்து தலைகாட்டியிருந்தது. வெயில் கொடுமை இல்லை, பாதை தெரியாத பாதை அல்ல. ஆனால் டீக்கடை, மதகு, மரத்தடி என்று எங்கு நின்றாலும் ஒரே கேள்வி.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"நன்னிலம்."

"நன்னிலத்துல யாரு வீடு?"

யார் வீடு என்ற கேள்விக்குப் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது என்பது இந்தச் சீமையில் பிறந்த எவனுக்கும் தெரியும். திருவாரூர் தாண்டி ஒரு கடையில் வயதான அம்மா ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "திருநாளுக்குக் கூட்டமாப் போவாங்களே, அதோட போயிருக்கலாமே தம்பி. தனியாப் போனா யாருன்னு நெனப்பாங்க?" அந்த அம்மா கேட்டது என் பாதுகாப்பைப் பற்றி என்றுதான் முதலில் பட்டது. நடக்க நடக்க, அது ஓர் இலக்கியப் பிரச்னை என்று தோன்றியது. தனியாகப் போகிறவன் 'யார்' என்று சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் போகிறவன் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளைக்கு அந்தக் கேள்விக்குக் காவி பதில் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் கூட்டம் என்பது தனிமனிதப் பிரக்ஞை வளராததன் அடையாளம் என்று நம் நவீனத்துவ அளவுகோலை வைத்துச் சொல்லிவிட முடியுமா? கீவளூருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட ஊர். கிறிஸ்துமஸ் இரவு. அந்தச் சேரியிலிருந்து ஒருவன் அன்றைய நாட்களில் தன்னந்தனியாக, காரணம் எதுவும் சொல்லாமல், ஊர்த்தெருக்கள் வழியாக நாற்பது மைல் நடந்திருக்க முடியுமா? அவனுக்குக் கூட்டம் ஒரு கவசம். என் மாசி மாதத்து நடைக்கு ஒரு சலுகை இருந்தது. 'யார் வீடு' என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் என்னைத் தடுக்காத பதில். கூட்டமும் முழு விடுதலை தந்துவிடுவதில்லை. பண்டரிபுரத்துக்கு நடந்த இராவதி கார்வே, ஒரே யாத்திரையில் பிராமணர்களும் மராத்தியர்களும் தனித்தனியே சமைத்துச் சாப்பிட்டதைக் கண்டு மனம் பொறுக்காமல் எழுதினார். அவர் மானுடவியல்காரர். அந்தக் கட்டுரை இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம் மானுடவியல் அல்ல. எண்ணும்போது தன்னையும், தன் சாதியையும், தன் சாப்பாட்டுப் பந்தியையும் சேர்த்து எண்ணினார்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. கோபாலகிருஷ்ண பாரதி இளமையில் வாழ்ந்த முடிகொண்டான் நன்னிலத்துக்கு அண்டை ஊர். அவருடைய நந்தன் சிதம்பரத்துக்குத் தனியாகப் போக ஆசைப்படுகிறவன். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பண்ணை ஐயரை பாரதி கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலை முடிந்தால்தான் போகலாம் என்று அவர் உத்தரவு. யாத்திரைக்கு லீவு கேட்கிற முதல் தமிழ்ப் பாத்திரம் நந்தன்தான் என்று சொல்வேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒத்திப்போனதே அவன் பெயராயிற்று. அவன் நடை நெருப்பில் முடிகிறது. பாரதியின் கீர்த்தனைகளில் நெஞ்சைப் பிசைவது தில்லை தரிசனத்தைவிட அந்த உத்தரவுக்காகக் காத்து நிற்கிற நிலைதான்.

இன்னொரு உதாரணம் காரைக்கால். நன்னிலத்துக்குக் கிழக்கே, நாகூர் வழியாக வேளாங்கண்ணி யாத்ரிகர்கள் கடந்து வருகிற ஊர். கைலாயத்துக்குத் தனியாகப் போவதற்குக் காரைக்கால் அம்மையார் தன் தசையைக் கழற்றிப் பேய் வடிவம் வாங்க வேண்டியிருந்தது என்கிறார் சேக்கிழார். பார்த்தவர்கள் பயந்து விலகினார்கள். பெண்ணுடம்போடு தனியாக நடக்க வழி இருக்கவில்லை. பன்யனும் 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் கிறிஸ்தியானுடைய மனைவியைக் குழந்தைகளோடும் வழிகாட்டியோடும்தான் அனுப்புகிறார். அம்மையாரின் பெருமை அவர் தலையால் நடந்தார் என்ற புராணத்தில் இல்லை. தன் பாட்டிலேயே தன்னைக் காரைக்கால் பேய் என்று கையொப்பமிட்டார் என்பதில் இருக்கிறது. ஊர் பயந்து விலகிய வடிவத்தையே தன் பெயராக எழுதி, தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நம் மரபில் நடப்பவனுக்கு, நடப்பவளுக்கு, ஒரு முன்னோடி உண்டென்றால் அது இந்தக் கையொப்பம். பெல்லக் அல்ல.

எனவே தனி நடையின் வசனம் தமிழில் இனி எழுதப்படுமானால், அது ஐரோப்பியத் தனிமையை இறக்குமதி செய்வதாக இருக்க வேண்டாம். வயல், சூரியோதயம், மௌனம், ஆத்ம தரிசனம் என்று ஏற்கெனவே தயாராக இருக்கிற சரக்கு நமக்கு வேண்டியதில்லை. 'யார் வீடு' என்று கேட்கப்பட்ட ஒவ்வொரு இடத்தையும், சொன்ன பதிலையும், சொல்லாமல் விழுங்கிய பதிலையும் எழுதுகிறவன் வரவேண்டும். அவன் என்னைப் போன்ற வங்கிக் குமாஸ்தாவாக இருப்பதைவிட, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூசியோ மறுத்தோ நடந்தவனாக இருந்தால் அந்த வசனம் பலமாக இருக்கும்.

வேளாங்கண்ணித் தல வரலாற்றில் ஒரு சிறுவன் வருகிறான். மோர் விற்கிற, கால் விளங்காத பையன். மாதா அவனிடம் மோர் வாங்கிக்கொண்டு, நாகப்பட்டினத்திலுள்ள ஒரு கிறிஸ்தவக் கனவானிடம் போய்ச் சொல்லச் சொல்கிறாள். கால் சரியாகிவிட்டதென்று அவனுக்கே ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது. இந்தப் பாதையில் அவனும் தனியாகப் போனவன்தான், அதுவும் எதிர்த்திசையில். தல வரலாறு கனவானின் கனவைச் சொல்கிறது, எழும்பிய கோயிலைச் சொல்கிறது. அந்தப் பத்துக் கிலோமீட்டரில் பையன் என்ன நினைத்தான் என்று சொல்வதில்லை. வழியில் அவனையும் யாராவது நிறுத்தி, நீ யார் வீட்டுப் பையன் என்று கேட்டிருப்பார்கள்.