பயண நூல்களும் பயணியின் பொறுப்பும்

பயண இலக்கியத்தை எமது விமர்சகர்கள் இலக்கியத்தின் புறத்திண்ணையில் இருத்தியே பழகிவிட்டனர். சிறுகதைக்கும் நாவலுக்கும் உரைகல் தேடும் நாம், பயணக் கட்டுரை என்றதும் நடை இனிதா, காட்சி கண்முன் நிற்கிறதா என்று மட்டும் கேட்டு அமைந்துவிடுகிறோம். இவை போதா. பயணம் பெருந்தொழிலாகி, அதன் சுமையை மண்ணும் நீரும் காற்றும் தாங்கும் காலம் இது. சென்ற இடத்தோடு பயணி எத்தகைய உறவு கொண்டான் என்பதும் விமர்சனத்தின் கேள்வியே.

இவ்வகையில் எமது பழைய மரபு வெறுங்கையோடு நிற்கவில்லை. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன் வறுமையோடு எதிர்வரும் கூத்தனை நன்னனிடம் வழிப்படுத்துவதாக அமைந்தது. மன்னனைப் புகழ்ந்து வாழவேண்டியிருந்த கலைஞனின் நிலையே அதன் தோற்றுவாய் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பெருங்கௌசிகனார் காட்டும் மலை வெறுங் காட்சியன்று. பிறர் வாழும் இடம், பிறர் உழைக்கும் இடம். பன்றிக்காகத் தினைப்புனத்தில் பொறிகள் வைக்கப்பட்டுள்ளன, விடிந்தபின் செல்லுங்கள். யானையை ஓட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் வரும், காத்துக்கொள்ளுங்கள் என்று வழி சொல்லப்படுகிறது. பொறியை அகற்றிப் பயணிக்குப் பாதை செய்யும்படி அங்கு எவரும் கேட்கவில்லை. பயணிதான் அம்மலையின் வாழ்வுக்கு இசைந்து நடக்கவேண்டும், அவன் விருந்தினன்.

இதற்கு நேர்மாறான பயண நூலொன்று எமது மலைநாட்டைப் பற்றியே எழுந்தது. நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர், இலங்கையில் தாம் துப்பாக்கியோடும் வேட்டைநாய்களோடும் திரிந்ததை 1854இல் நூலாக்கினார். எழுத்தில் விறுவிறுப்பு உண்டு. கூர்ந்த அவதானமும் உண்டு. ஆனால் யானையும் மரையும் அவருக்கு வேட்டைப் பொருள்கள். காடு குடியேற்றக்காரனின் விளையாட்டுக்களம். காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட ஏகாதிபத்தியத்தின் பார்வையே அவ்விளையாட்டிலும் வெளிப்பட்டது. இன்று ஹோட்டன் சமவெளியில் யானைக் கூட்டங்கள் இல்லை. பேக்கரின் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சி இருக்கிறது.

துப்பாக்கி போய்க் கமரா வந்துவிட்டதால் பார்வையும் மாறிவிட்டதென்று கொள்ளலாமா? ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் அங்கே பிறக்கின்றன. எனவே அப்புல்நிலத்துக்கும் மேகம் தவழும் குறுங்காட்டுக்கும் நேரும் கேடு, தாழ்நிலத்து வயல்வரை இறங்கி வரும். ஆனால் எமது பயணக் கட்டுரைகளில் மூடுபனியும் குளிரும் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறையுமே வருகின்றன. பயணிகள் தரும் தின்பண்டத்துக்குப் பழகி, அதனோடு பொலித்தீனையும் விழுங்கும் மரைகள் வருவதில்லை. பாறையின் கீழே தெரியும் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாகிறது. அதில் கொழுந்து பறிப்பவள் மறைந்துபோகிறாள். உலகம் முடிவதாகச் சொல்லப்படும் இடத்தின் அடியிலேதான் அவளது உலகம் இருக்கிறது. இயற்கையின் நோவைக் காணாத கண், உழைப்பின் நோவையும் காண்பதில்லை.

அப்படியாயின் பயணமே தவறோ எனக் கேட்பர். அன்று. வடக்கின் மாணவன் மலையகத்தையும், தெற்கின் மாணவன் வடக்கையும் காணாது வளர்ந்தமை இந்நாட்டுக்கு எத்துணைக் கேடு விளைத்தது என்பதை நாம் அறிவோம். பொறுப்பை எல்லார் தலையிலும் ஒரே அளவாகச் சுமத்துவதும் நேர்மையன்று. உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்குச் சுற்றுலா காரணமென 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது; அதிற் பெரும்பகுதி செல்வந்த நாடுகளைச் சார்ந்தது. வாடகை பஸ்ஸில் நெருக்கியடித்து மலையேறும் பாடசாலைப் பிள்ளைகளும், ஆண்டுக்கு நான்கு முறை கண்டம்விட்டுக் கண்டம் பறப்பவரும் ஒரே கூண்டில் நிற்கவேண்டியவரல்லர். ஆயினும் ஏழையின் கையிலிருந்து விழுந்த பொலித்தீன் மரையின் வயிற்றில் வேறு விதமாக நடந்துகொள்ளாது.

அந்நியச் செலாவணிக்கு ஏங்கும் நாடு வருவோர் தொகையையே வெற்றியாகக் கணிக்கிறது. எழுத்தாளனும் அக்கணக்கையே ஒப்பிக்கலாமா? அவனிடம் நாம் கேட்பது உபதேசமன்று, முழுமையான காட்சி. எவ்வாறு சென்றான், எவர் நீரைக் குடித்தான், எவர் சமைத்ததை உண்டான், விட்டுவந்த குப்பையை எவர் கூட்டினார் என்பனவும் பயணத்தின் பகுதிகளே. இவை அழகுணர்ச்சியைக் கெடுக்கும் என்போர் மீண்டும் மலைபடுகடாத்தைப் படிக்கட்டும். பொறிகளையும் கவண்கற்களையும் சொன்னதனால் அம்மலையின் அழகு குன்றிவிடவில்லை.