இரட்சணிய யாத்திரிகத்தில் துறவு

திருஞானசம்பந்தர் பாடிய கோணமாமலையின் அடியில் வாழும் நமக்குத் தேவாரம் செவிவழி வந்த செல்வம். 1894இல் வெளிவந்த கிறித்தவக் காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயராலேயே பாடல்கள் அமைந்திருத்தல் நமக்கு வியப்பளிக்கும். அதன் ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவ குடியிற் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவியவர். பழைய சமயத்தைத் துறந்தவர், பத்தித் தமிழைத் துறந்திலர். இது துறவின் குறையோ எனின், அன்று என்க.

முதனூலாகிய ஜான் பனியனின் ஆங்கிலக் கதையில் (1678) தலைவன், மனைவி மக்களின் கூக்குரல் கேளாவண்ணம் செவிபொத்தி ஓடுகின்றான். சிலுவையின்முன் அவன் முதுகுச்சுமை சில வரிகளிலேயே வீழ்ந்துவிடுகின்றது. கிருஷ்ணபிள்ளையோ இயேசுவின் பாடுகளை விரித்துரைக்க ஒரு படலமே வகுத்தார். கதையோட்டம் அங்குத் தடைப்படுகின்றது என்பாரும் உளர். ஆயின், எதன்பொருட்டு அவன் உற்றாரை விட்டான் என்பதை அவ்விரிவே விளக்குகின்றது.

இறைவனைச் சார்ந்தே பிற சார்புகள் நீங்கும் என்பது வள்ளுவரின் துறவதிகார முடிபு. பேரன்பு புகுந்த நெஞ்சினின்று சிறு பற்றுகள் தாமே உதிரும். அன்பு புகாத துறவோ சுற்றத்தைக் கைவிட்ட கொடுமையாகவே எஞ்சும். சமயம் வேறாயினும், இவ்வுண்மை நமக்கும் உரியதே.