நவம்பர் 25: பெருந்தொற்றின் நடுவே ஒரு கூடைப்பந்து சீசன்

2020 நவம்பர் 25 புதன்கிழமை. அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கூடும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய தினம். நாடெங்கும் சுமார் 90,000 கொரோனா நோயாளிகள் மருத்துவமனைகளில் படுத்திருந்த அன்றுதான் அந்நாட்டின் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து சீசன் தொடங்கியது. தென் கரோலினா அணி சார்ல்ஸ்டன் கல்லூரியை 119-38 என்று நொறுக்கியது. அந்த நாளில் பந்தைத் தூக்கிப் போட்டதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆடுவதற்கு அத்தனை விதிகளை வகுத்தவர்கள், நிறுத்துவதற்கு ஏன் ஒழுங்கான விதி வகுக்கவில்லை என்ற கேள்வியை விடவும் முடியவில்லை.

தொடங்க வேண்டும் என்ற தவிப்புக்கு நியாயம் இருந்தது. அதே ஆண்டு மார்ச் 12 அன்று தேசியப் போட்டித் தொடரைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ ஒரே அறிவிப்பில் ரத்து செய்தது. ஓரெகன் அணியின் சப்ரினா அயோனெஸ்கு 2019இல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். கோப்பை பாக்கி இருக்கிறது என்று கல்லூரிக்கே திரும்பி வந்தார். அவருக்கு அந்தக் கோப்பைக்காக ஆடும் வாய்ப்பே கிடைக்கவில்லை. கல்லூரியில் ஆட ஒரு மாணவிக்குக் கிடைப்பது நான்கு பருவங்கள். அதில் ஒன்று போனால் போனதுதான்.

இதை உணர்ந்தே சில நல்ல முடிவுகள் எடுக்கப்பட்டன. தொற்றுக்கு அஞ்சி ஆட மறுக்கும் மாணவியின் உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது, வழக்குத் தொடரும் உரிமையை எழுதி வாங்கக் கூடாது என்று ஆகஸ்டில் ஆணை வந்தது. அந்தப் பருவம் யாருடைய கணக்கிலும் கழியாது, விரும்பினால் இன்னோர் ஆண்டு ஆடலாம் என்று அக்டோபரில் அறிவித்தார்கள். வாரத்துக்கு மூன்று பரிசோதனை, தேசியத் தொடருக்குத் தகுதி பெறக் குறைந்தது 13 ஆட்டம் என்பன மற்றவை. கூடுதல் ஆண்டு தந்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆடாவிட்டால் எதிர்காலமே போய்விடும் என்ற அச்சத்தை அது பெருமளவு தணித்தது.

ஆனால் தேதியைத் தேர்ந்த விதம் உறுத்துகிறது. முதலில் நவம்பர் 10 என்று இருந்ததைத் தள்ளிப்போட்டதற்கு என்சிஏஏ சொன்ன காரணம், 25ஆம் தேதிவாக்கில் முக்கால் பங்குக் கல்லூரிகளில் வகுப்புகள் முடிந்திருக்கும் அல்லது இணையத்துக்கு மாறியிருக்கும், வளாகம் காலியாக இருக்கும் என்பது. தொற்றுக் கணக்கில் இது சரியான யோசனை. அறக் கணக்கில் இதன் பொருள் வேறு. மற்ற மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சம்பளம் வாங்காத இந்தப் பெண்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். தம் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டும் உரிமைகூட அவர்களுக்கு 2021 ஜூலையில்தான் வந்தது.

பரிசோதனை முறையின் வலிவும் நலிவும் கனெக்டிகட் அணியின் கதையில் ஒருசேரத் தெரிகின்றன. சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கையில் அந்த அணியைச் சார்ந்த ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அணி முழுவதும் முடங்கியது. புதுமுக வீராங்கனை பெய்ஜ் பெக்கர்ஸின் கல்லூரி வாழ்க்கையின் முதல் ஆட்டம் டிசம்பர் 12க்குத் தள்ளிப்போனது. தொற்றைக் கண்டுபிடித்ததும் ஒதுங்கினார்கள், அந்த அளவில் முறை வேலை செய்தது. ஆனால் பரிசோதனை நோயைக் காட்டுமே தவிரத் தடுக்காது. ஊர் விட்டு ஊர் பயணம், மூடிய அரங்கு, முகத்துக்கு முகம் மூச்சு முட்டும் ஆட்டம் இவை எல்லாம் அப்படியே இருந்தன.

ஸ்டான்ஃபோர்டின் கதை இன்னும் சிக்கலானது. நவம்பர் இறுதியில், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சாண்டா கிளாரா மாவட்டம் உடல் உரசும் விளையாட்டுகளைத் தடை செய்தது. அணி மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் வேகஸுக்குப் போனது. பிறகு சாண்டா க்ரூஸில் வாடகை அரங்கைச் சொந்த அரங்காக்கிக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு மேல் விடுதி வாழ்க்கை. பயிற்சியாளர் டாரா வான்டர்வீர் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி என்ற சாதனையாக இருந்த பாட் சம்மிட்டின் 1,098 வெற்றிகளைத் தாண்டியது டிசம்பர் 15 அன்று, ஸ்டாக்டனில், ஒரு வெளியூர் அரங்கில். 2021 ஏப்ரல் 4 அன்று அரிசோனாவை 54-53 என்று வென்று 29 ஆண்டுக்குப் பின் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் பெண்களின் உறுதிக்கு முன் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு மாவட்டத்தின் சுகாதார ஆணையைச் சட்டப்படியே எல்லை தாண்டித் தவிர்க்க முடிந்தது என்றால், நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல் இல்லை என்றுதானே பொருள்? வெற்றி பெற்றதால் இந்தக் கேள்வி அடங்கிப்போனது. தோற்றிருந்தால் அந்த அலைச்சலைப் பற்றி வேறு விதமாகப் பேசியிருப்போம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது டியூக் பல்கலைக்கழகம்தான். அங்கே ஆண்கள் அணியின் மூத்த பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி டிசம்பர் 8 அன்று, இந்தச் சூழலில் ஆடத்தான் வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். மறுநாள், பெண்கள் அணியின் முதல் ஆண்டுப் பயிற்சியாளரான காரா லாசன், இப்போது ஆடக் கூடாது என்பதே தன் கருத்து என்று நேரடியாகச் சொன்னார். ஆண்கள் அணி சில ஆட்டங்களைக் கைவிட்டதோடு சரி, மார்ச் வரை ஆடியது. பெண்கள் நான்கே ஆட்டத்தோடு டிசம்பர் 25 அன்று சீசனை முடித்துக்கொண்டார்கள். அது மாணவிகளே எடுத்த முடிவு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அடுத்த மாதம் வர்ஜீனியாவும் வாண்டர்பில்ட்டும் அதே வழியில் போயின.

அவர்கள் சட்டப்படி விலகலாம் என்பது உண்மை. ஆனால் விதிகள் தந்த பாதுகாப்பு தனித்தனி மாணவிக்குத்தான். அணியாகக் கூடி, இந்த வாரம் ஆடுவதா வேண்டாமா என்று வாக்களிக்க வழிமுறை எதுவும் இல்லை. சங்கமும் கிடையாது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தோழிகள் ஆடத் தயாராக நிற்கும்போது, நான் வரவில்லை என்று பயிற்சியாளரின் அறையில் தனியே சொல்ல வேண்டும். காகிதத்தில் இருக்கும் அந்த உரிமையை எத்தனை பேரால் பயன்படுத்த முடியும்?

இவ்வளவும் தாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை மார்ச் மாதம் காட்டியது. தேசியத் தொடர் நடந்த சான் அன்டோனியோவில் பெண்களுக்கென வைத்திருந்த சொற்ப எடைப் பயிற்சிக் கருவிகளை ஓரெகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் படம்பிடித்து வெளியிட்டார். ஆண்கள் தொடர் நடந்த இண்டியானாபோலிஸில் அவர்களுக்கு முழுக் கூடமே இருந்தது. தினசரிப் பரிசோதனையிலும் ஆண்களுக்குத் துல்லியம் கூடிய பிசிஆர், பெண்களுக்கு ஆன்டிஜன். இரு தரப்பையும் ஒரே நாளில் சீசனைத் தொடங்கச் சொன்னவர்கள், ஒரே தரத்தில் காக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: தள்ளிவைத்துத் தொடங்கியது சரி, கூடுதல் ஆண்டு தந்தது மிகச் சரி, நிறுத்தும் பாரத்தை மாணவிகளின் தோளில் ஏற்றியது தவறு. அடுத்த கொள்ளைநோய்க் காலத்தில் தொடக்கத் தேதியை அறிவிக்கும் முன்பே, எந்த அளவு தொற்றில் ஆட்டம் நிற்கும் என்பதையும், அணியின் ரகசிய வாக்குக்கு என்ன மதிப்பு என்பதையும் என்சிஏஏ எழுத்தில் வைக்க வேண்டும்.